நுளம்பைக் கணக்கில் எழுதியவர்: ரொனால்ட் ரொஸ்ஸும் ருவான்வெல்லைக் காய்ச்சலும்

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் கலங்கலாக ஓடும் ஆறுகள் வற்றின. மகா ஓயா, தெதுரு ஓயா, களனி கங்கையின் கிளை ஆறுகள் எல்லாம் மணலும் பாறையுமாகி, இடையிடையே தெளிந்த நீர்க்குட்டைகள் மட்டும் மிஞ்சின. ருவான்வெல்லையைத் தொட்டு ஓடும் குருகொட ஓயா களனியில் சேரும் ஆறு. இந்தப் பக்கத்து மக்கள் வறட்சியை அதிகம் கண்டவர்கள் அல்லர். அந்தக் குட்டைகளில் ஒரு வகை நுளம்பு பெருகியது. ஆண்டின் கடைசி மாதங்களில் கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் படுக்கை. 1935ஆம் ஆண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்துபோனார்கள். நோயில் விழுந்தவர்கள் 15 இலட்சம் என்று கணக்கிடப்பட்டது. அன்று இலங்கையின் சனத்தொகையே ஏறத்தாழ 55 இலட்சம்தான்.

இந்தக் கொள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1932 செப்டெம்பர் 16ஆம் திகதி, லண்டனில் ஒரு கிழவர் இறந்தார். இப்படியொரு கொள்ளை எப்போது மூளும், எப்போது அணையும் என்பதற்கான கணக்கை அவர் கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். பெயர் ரொனால்ட் ரொஸ். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று கண்டுபிடித்தவர் என்று எங்கள் விஞ்ஞானப் பாடப் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியோடு அவரை முடித்துவிடுவது சரியில்லை என்பது என் எண்ணம். அவர் செய்த பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

நான் ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். 1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் குடும்பம் வன்னிக்குப் போனது. மலேரியா என்ற சொல் எனக்குப் படித்துத் தெரிந்த சொல் அல்ல. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது அப்படித்தான் இருக்கும்.

ரொஸ் பிறந்தது 1857 மே 13ஆம் திகதி, இமயமலை அடிவாரத்து அல்மோராவில். வட இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்த அதே வாரம். தகப்பன் பிரித்தானிய இந்தியப் படையில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். எட்டு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு உறவினர் வீட்டில் வளர்ந்தார். ஓவியம் வரையவும் கவிதை எழுதவும் ஆசைப்பட்டவரைத் தகப்பன் வைத்தியம் படிக்க வைத்தார். மனமில்லாமல்தான் படித்தார். ஒரு பரீட்சையில் தவறி, கப்பலில் வைத்தியராக வேலை செய்து, திரும்ப எழுதித் தேறி, 1881இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். எங்கள் பாட்டன்மார் கங்காணியின் பின்னால் புறப்பட்ட அதே மாகாணம், ஏறக்குறைய அதே காலம்.

அங்கே அவருக்கு வேலை குறைவு, நேரம் அதிகம். அந்த நேரத்தில் கணிதப் புத்தகங்களை வாங்கி யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே படித்தார். நாவல் எழுதினார், கவிதை எழுதினார். 1883இல் பெங்களூரில் இருந்தபோது தன் பங்களாவுக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் நுளம்புக் குடம்பிகள் நெளிவதைக் கண்டு, தண்ணீரைக் கவிழ்த்துவிட நுளம்பு குறைந்ததைக் கவனித்தார். அப்போது மலேரியாவுக்கும் நுளம்புக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியாது. கடிதான் தொல்லை.

1894இல் விடுமுறையில் லண்டன் போனபோது பெற்றிக் மான்சன் என்ற மூத்த வைத்தியர் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியை நுணுக்குக்காட்டி வழியாகக் காட்டிக் கொடுத்தார். இது நுளம்புக்குள் போய் வாழ்கிறது என்பது மான்சனின் ஊகம். ரொஸ் அந்த ஊகத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். இரண்டு ஆண்டுக்கு மேல் செகந்திராபாத்திலும் பெங்களூரிலும் நீலகிரியிலும் நுளம்புகளைக் கிழித்துப் பார்த்தார். ஊட்டிக்குக் கீழே சீகூர்ப் பள்ளத்தில் அவருக்கே மலேரியா வந்தது. தவறான இன நுளம்புகளையே பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி, செகந்திராபாத்தில், சிறகில் புள்ளி போட்ட ஒரு நுளம்பின் இரைப்பைச் சுவரில் அந்தக் கிருமியின் வடிவத்தைக் கண்டார். அந்த நாளைத்தான் இன்று உலக நுளம்பு தினம் என்கிறோம்.

அந்த நுளம்பு ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கடித்த நுளம்பு. ஒரு கடிக்கு ஓர் அணா கூலி. ரொஸ் அந்தப் பெயரைப் பதிந்து வைத்திருந்ததால் நமக்குத் தெரிகிறது. பிறகு கல்கத்தாவில், 1898இல், பறவை மலேரியாவை வைத்து நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை கிருமியின் பாதையை முழுக்கக் காட்டினார். அங்கே அவருக்காக நுளம்பு பிடித்து வளர்த்துக் கொடுத்த உதவியாளர் முகமது பக்ஸ். இவர்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. 1902இல் நோபல் பரிசு ரொஸ்ஸுக்குத் தனியாகப் போனது. பிரித்தானியாவுக்கு வந்த முதல் நோபல் அது. மனித மலேரியாவை அனோபிலிஸ் நுளம்பில் முழுமையாகக் காட்டிய இத்தாலியர் கிராசிக்கும் இவருக்கும் ஆயுள் முழுக்கச் சண்டை. வழிகாட்டிய மான்சனோடும் பின்னால் பகை. அரசாங்கம் தனக்குப் பணம் தரவேண்டும் என்று மனு மேல் மனு போட்டார். இணங்கிப் போகக்கூடிய மனிதர் அல்லர்.

இனித்தான் கணக்கு.

நுளம்பு பரப்புகிறது என்றால் நுளம்பைக் குறைத்தால் நோய் போகவேண்டும். இதைச் சோதிக்க லாகூருக்கு அருகே மியான் மீர் என்ற படை முகாமில் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய்க்கால்களை மூடி, எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். மலேரியா போகவில்லை. ரொஸ் சொன்னது வீண் என்று பலர் முடிவு கட்டினார்கள். ரொஸ் விடவில்லை. எவ்வளவு தூரத்துக்குத் துப்புரவு செய்தீர்கள், வெளியிலிருந்து எத்தனை நுளம்பு பறந்து வந்தது, யாராவது எண்ணினீர்களா என்பது அவர் கேள்வி. ஒரு நுளம்பு திசை தெரியாமல் அங்குமிங்கும் பறந்தால் பிறந்த குட்டையிலிருந்து எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டு, 1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வாசித்தார். முழுமையாகத் தீர்க்க முடியாமல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் உதவியை நாடினார். குடிகாரன் நடை போன்ற தற்செயல் நடைக் கணக்கைப் பியர்சன் 1905இல் உலகத்தின் முன் வைத்ததற்கு இந்த நுளம்புதான் காரணம். பங்குச் சந்தை முதல் இணையத் தேடல் வரை இன்று அந்தக் கணக்கு ஓடுகிறது.

1907 நவம்பரில் ரொஸ்ஸை மொரீசியஸ் தீவுக்கு அனுப்பினார்கள். இங்கேதான் கதை எங்களுக்குப் பக்கத்தில் வருகிறது. மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களின் தீவு. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள், அவர்களில் தமிழர்களும் ஏராளம். 1867இல் அங்கே மலேரியா பெருங்கொள்ளையாகி ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது, அதன் பிறகு தீவை விட்டுப் போகவே இல்லை. ரொஸ் மூன்று மாதம் தங்கி, தோட்டம் தோட்டமாகப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, வீங்கிய மண்ணீரல் எத்தனை பிள்ளைகளுக்கு என்று எண்ணச் செய்தார். 1908இல் வெளிவந்த அறிக்கையில் சில பக்கங்களில் ஒரு கணக்கு இருந்தது. ஒரு நோய் ஓர் ஊரில் நிலைக்குமா அழியுமா என்பதைப் பரவும் வழியை வைத்துச் சமன்பாட்டில் எழுதிய முதன்மையான முயற்சிகளில் அது ஒன்று. கரும்புத் தோட்டத்துக் கூலிப் பிள்ளைகளின் வயிற்றின் மேல் எழுதப்பட்ட கணக்கு என்றுகூட அதைச் சொல்லலாம்.

அந்தக் கணக்கு கடினம் அல்ல. ஓர் ஊரில் 1000 பேர். அதில் ஒருவருக்கு மட்டும் மலேரியா. ஊரில் 48 ஆயிரம் நுளம்புகள். நாலில் ஒன்றுக்குத்தான் மனிதரைக் கடிக்க வாய்க்கிறது என்றால் 12 ஆயிரம் கடிக்கும். ஆயிரம் பேருக்குப் பகிர்ந்தால் அந்த ஒரு நோயாளியைக் கடிப்பவை 12. கிருமி நுளம்புக்குள் முற்ற பத்து நாளளவு வேண்டும். அதுவரை உயிரோடிருப்பது மூன்றில் ஒன்று. ஆகவே 4. அந்த நாலில் திரும்ப ஒரு மனிதரைக் கடிக்க வாய்ப்பது ஒன்றுக்கு. முடிவில் ஒரு நோயாளியிடமிருந்து ஒரு புதிய நோயாளி. நுளம்பு 48 ஆயிரத்துக்கு மேல் போனால் ஒன்று இரண்டாகி நாலாகி ஊர் முழுக்கப் படுக்கும். குறைந்தால் நோய் தானாகத் தேயும். எண்கள் எடுத்துக்காட்டுக்கு வைத்தவைதான். ஆனால் அதிலிருந்து வந்த முடிவு அன்றைய வைத்தியர்களுக்கு முற்றிலும் புதிது. கடைசி நுளம்பு வரை கொல்லத் தேவையில்லை. ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் போதும், அங்கேயே பிடித்து வைத்திருக்கவும் வேண்டும்.

இரண்டாம் பாதியைத்தான் அரசாங்கங்கள் மறந்துவிடுகின்றன. இதற்கு இலங்கையை விட நல்ல சாட்சி உலகத்தில் இல்லை. 1946இல் வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளிக்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் இருந்த நோயாளர் தொகை 1963இல் வெறும் 17 ஆனது. நாடு முழுவதும் 17 பேர். வெற்றி என்று தெளிப்பை நிறுத்தினார்கள். நோயாளி 17 பேரானாலும் வரம்பு மாறுவதில்லை. தெளிப்பு நின்றதும் நுளம்பு மறுபடியும் வரம்புக்கு மேலே போனது. ரொஸ்ஸின் கணக்கில் தொடங்குவதற்கு ஒரே ஒரு நோயாளி போதும், இங்கே 17 பேர் இருந்தார்கள். 1968, 69இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தொட்டது.

1911இல் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் ரொஸ் இந்தக் கணக்கை நுண்கணிதச் சமன்பாடுகளாக மாற்றினார். 1915 முதல் 1917 வரை, உலகப் போரின் நடுவே, ஹில்டா ஹட்சன் என்ற பெண் கணித அறிஞரின் உதவியோடு இன்னும் விரித்தார். அப்போது அவர் நோயை விட்டே வெளியே வந்துவிட்டார். மனிதருக்கு நேர்கிற எதையும் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, ஒருவருக்கு நேர்வது மற்றவருக்கு நேர்ந்ததைச் சாராதது. மரத்திலிருந்து விழுவது அப்படி. மற்றது, ஏற்கெனவே எத்தனை பேருக்கு நேர்ந்தது என்பதைச் சார்ந்தது. தொற்றுநோய் அதில் சேரும். ஆளுக்கு ஆள் பரவுகிற சமயக் கூட்டங்களையும் தொழிற்சங்கங்களையும் அரசியல் கட்சிகளையும் அவர் அதே வகையில்தான் சேர்த்தார். சங்கத்தில் பத்துப் பேர் இருக்கிற தோட்டத்தில் பதினோராவது ஆள் சேர்வதும், சங்கமே இல்லாத தோட்டத்தில் முதல் ஆள் சேர்வதும் ஒன்றல்ல என்பதைப் பிரட்டுக்களத்தில் நின்ற எவரும் அறிவார்.

அவரோடு 1901இல் மேற்கு ஆபிரிக்கா போன இளம் வைத்தியர் அன்டர்சன் மக்கென்ட்ரிக். இந்தியாவில் கசௌலியில் பணி செய்து, உடல்நலம் கெட்டு எடின்பரோ திரும்பியவர். ஆய்வுகூட விபத்தில் 1924இல் இருபத்தாறு வயதில் கண்ணை இழந்த இரசாயனவியலாளர் வில்லியம் கெர்மாக் அங்கே அவருக்குத் துணையானார். பார்வையற்றவர் மனக்கண்ணிலேயே சமன்பாட்டைப் பிடித்திருந்தார். 1927இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையில், பம்பாயில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பிளேக்கில் இறந்தவர்களின் வாராந்தத் தொகை அவர்களுடைய வளைகோட்டில் அப்படியே உட்கார்ந்தது. கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் நாம் பார்த்துப் பயந்த மேடுபள்ளக் கோடுகளின் மூலம் அதுவே.

கணினி வைரஸுக்கும் இதே வழிதான். 1986இல் லாகூரில் எழுதப்பட்ட பிரெயின் என்ற வைரஸ், நெகிழ்வட்டு கைமாறிக் கைமாறி உலகம் சுற்றியது. 1991இல் ஐபிஎம் நிறுவனத்தின் கெப்ஹார்ட், வைட் இருவரும் ரொஸ்ஸின் வழிவந்த தொற்றுக் கணக்கைக் கணினிகளுக்குப் போட்டார்கள். அங்கே ஒரு சிக்கல் தெரிந்தது. ரொஸ்ஸின் ஊரில் எல்லோரும் எல்லோரோடும் ஒரே அளவில் கலக்கிறார்கள். நிசத்தில் அப்படியில்லை. லயத்தின் கடைசி வீட்டுக் கிழவி நாலு பேரைப் பார்க்கிறாள். பிள்ளைக்காம்பரா ஆயம்மா நாற்பது வீட்டுப் பிள்ளைகளைத் தொட்டுத் தூக்குகிறாள். தொடர்புகள் இப்படிச் சிலரிடம் குவிந்த வலையில் ரொஸ் சொன்ன பாதுகாப்பு வரம்பு கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும் என்று 2001இல் பாஸ்டர்-சடோராஸ், வெஸ்பிக்னானி என்ற இரு பௌதிக அறிஞர்கள் இணையத்தை வைத்துக் காட்டினார்கள். எவ்வளவு மெல்லப் பரவினாலும் அது ஒழியாது. யாரையாவது காக்கவேண்டும் என்றால் அதிகம் பேரோடு தொடர்புள்ளவரை முதலில் காக்கவேண்டும்.

ரொஸ்ஸின் கணக்கில் இன்னொரு குறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதில் மனிதர் உண்டு, நுளம்பு உண்டு, பசி இல்லை.

1934 கொள்ளை வந்தது உலகப் பொருளாதார மந்தத்தின் முடிவில். இறப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை நிறுத்தி, பலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம். கிராமங்களில் சிங்கள விவசாயிகளிடம் அரிசி இல்லை. நோய் எத்தனை பேருக்கு வரும் என்பதை நுளம்புக் கணக்குச் சொல்லும். வந்தவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதைச் சட்டி சொல்லும். சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பக்கம் நிவாரணத்துக்கு வந்தபோது குவினைன் மட்டும் கொடுத்தால் போதாது என்பதைக் கண்டார்கள். ருவான்வெல்லையில் பருப்பும் சேர்த்துக் கொடுத்தவர் என். எம். பெரேரா. ஊரார் அவருக்கு வைத்த பெயர் பருப்பு மாத்தயா. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது, 1936இல் ருவான்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பரவுகிறவற்றின் பட்டியலில் ரொஸ் கட்சியையும் சேர்த்திருந்தார் என்று மேலே சொன்னேன்.

இன்னொன்றும் அந்தக் கொள்ளையில் தெரிந்தது. மலேரியா காலங்காலமாக இருந்த வறண்ட பிரதேசத்து மக்களை விட, அதை அறியாத ஈர வலயத்து மக்களே அதிகம் இறந்தார்கள். பழகிய உடம்பு தாங்கிக்கொள்ளும், பழகாத உடம்பு விழும். 1977இல் இறப்பர்க் காட்டிலிருந்து வன்னிக் காட்டுக்குப் போன எங்களுக்கும் அதுவே நடந்தது. கொட்டில் போட்ட முதல் மாரியில் எங்கள் வரிசையில் காய்ச்சல் வராத வீடு இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம். வீட்டில் இருந்த சாக்கு, சேலை எல்லாவற்றையும் போட்டுப் போர்த்தினாலும் நிற்காது. பழைய குடிகள் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். யுத்தம் ஒரு பெரிய கலக்கல். யார் யாரோடு வாழ்கிறார், எந்தக் குட்டைக்குப் பக்கத்தில் தூங்குகிறார் என்பதை அது ஒரே இரவில் மாற்றிப் போடும். சமன்பாட்டில் ஒரு எழுத்தாக இருக்கும் இடப்பெயர்வு, ஓடுகிறவனுக்குத் தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு பிள்ளை.

1999இல் இலங்கையில் பதிவான மலேரியா நோயாளர் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கு மேல். வடக்கும் கிழக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தன. ஆனால் அதன் பிறகு, யுத்தம் முடிவதற்கு முன்பே, தொகை சரியத் தொடங்கியது. மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் இரு பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் வேலை செய்தார்கள். மருந்து தெளித்தார்கள், வலை கொடுத்தார்கள், விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்தார்கள். இவர்கள் செய்ததை யாரும் பெரிதாக எழுதவில்லை. எந்தப் பக்கத்தின் வீரக் கதையிலும் அது பொருந்தாததால் இருக்கலாம். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது.

ரொஸ்ஸின் கடைசி ஆண்டுகள் சிறப்பாக இல்லை. 1926இல் லண்டன் பட்னியில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனமும் வைத்தியசாலையும் திறக்கப்பட்டன. வெப்ப மண்டலத்துத் தோட்டக் கம்பனிகளுக்கு மலேரியாத் தடுப்பு ஆலோசனை சொல்வது அந்த நிறுவனத்தின் வேலைகளில் ஒன்றானது. கம்பனிக்குக் கூலியின் காய்ச்சல் என்பது இழந்த வேலை நாள். ரொஸ்ஸும் அந்த மொழியில் பேசத் தயங்கியவர் அல்லர். மறு ஆண்டு பக்கவாதம் வந்தது. பணமுடை காரணமாக 1928இல் தன் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் விற்றார். தான் வைத்தியராக அல்ல, கணித அறிஞராக நினைக்கப்பட வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. உயிரோடிருந்தபோது அந்தச் சமன்பாடுகளைப் பெரும்பாலான வைத்தியர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து, அவர் பெயர் கொண்ட அதே நிறுவனத்தின் இயக்குநர் ஜோர்ஜ் மக்டொனால்ட் அவற்றைத் தூசு தட்டி எடுத்தார். குடம்பியைக் கொல்வதை விட வளர்ந்த நுளம்பின் ஆயுளைக் குறைப்பது பல மடங்கு பலன் தரும் என்று அந்தக் கணக்கிலிருந்தே காட்டினார். பத்து நாள் வாழாத நுளம்பு கிருமியைக் கடத்தாது. வீட்டுச் சுவரில் மருந்து தெளிப்பது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே விளக்கம்.

மலேரியா அற்ற நாடு என்றால் நுளம்பு அற்ற நாடு என்று பொருள் அல்ல. 1934இல் ஆற்றுக் குட்டைகளில் பெருகிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அதோடு, சான்றிதழ் கிடைத்த சிறிது காலத்திலேயே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற இந்திய நகர நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அது ஆற்றுக்குக் காத்திருப்பதில்லை. வீட்டுக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். வடக்கில் மீள்குடியேறியவர்கள் வீட்டில் கிணறு இல்லாமல் இல்லை. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பி வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியசாலையில் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டு, இப்போதும் விரலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள்.